எலும்புக்குப் பரவும் புற்றுநோயை ஆராய ஆய்வகத்தில் எலும்புத் திசு மாதிரி உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் முற்றிய நிலையில் பெரும்பாலும் சென்று தங்கும் இடம் எலும்பு. இந்நோய்களால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரின் எலும்புகளில் பரவல் காணப்பட்டிருக்கிறது. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் தொடையெலும்பின் மேற்பகுதியிலும் அது வேரூன்றும்போது கடும் வலியும், சிறு அசைவிலேயே நேரும் முறிவும், தண்டுவட அழுத்தமும், ரத்தத்தில் கால்சியம் மிகுதலும் நோயாளியை வாட்டுகின்றன. ஸ்கேனில் ஒரு புள்ளியாகத் தெரிவதற்குள் பரவலின் முதற்கட்டங்கள் நடந்து முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ ஆகியிருக்கும். அந்த முதற்கட்டங்களைக் காண்பதற்காக உயிருள்ள ஒருவரின் எலும்பை மீண்டும் மீண்டும் துளைத்துப் பார்க்க முடியாது.

சுண்டெலிகளில் செய்யும் சோதனைகள் பல விடைகளைத் தந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. மனிதப் புற்றுச் செல் அங்கே சுண்டெலியின் எலும்புக்குள்தான் வளர்கிறது. எலும்பு அரிப்பைத் தடுக்க 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெனோசுமாப் என்னும் மருந்து எலும்பை அரிக்கும் செல்களைப் பெருக்கும் ரேங்க்-லிகண்ட் என்னும் புரதத்தின் மனித வடிவத்தைப் பிடிக்கும், சுண்டெலியின் ரேங்க்-லிகண்டைப் பிடிக்காது. ஆகவே அம்மருந்தைச் சாதாரணச் சுண்டெலியில் நேரடியாகச் சோதிப்பதில் பயனில்லை. மனித செல்களைக் கொண்டே எலும்பு போன்ற ஒரு திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, அதில் புற்றுச் செல்களை விட்டுப் பார்க்க வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுகிறது. உயிரியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளறிவியல் படித்து இத்துறைக்குள் நுழையும் ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து அந்த வேலையைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை, சில உறுப்புகளையே தேடிச் செல்கிறது என்று காட்டினார். புற்றுச் செல்லை விதையாகவும் உறுப்பை மண்ணாகவும் அவர் கண்டார். எந்த விதையும் எந்த மண்ணிலும் முளைத்துவிடாது என்பதை விவசாயம் தெரிந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் நம் ஆய்வகங்களில் விதைக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்பங்குகூட மண்ணுக்குக் கொடுக்கப்படுவதில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி மண்ணைப் பற்றியதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

எலும்பு ஓயாமல் தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பரிப்புச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பாக்கச் செல்கள் புதியதைக் கட்டுகின்றன. மார்பகப் புற்றுச் செல் எலும்பை அடைந்ததும் பாராதைராய்டு ஹார்மோன் சார் புரதத்தைச் சுரக்கிறது. அது எலும்பாக்கச் செல்களைத் தூண்டி, ரேங்க்-லிகண்டை மிகுதியாக வெளியிடச் செய்கிறது. ரேங்க்-லிகண்ட் எலும்பரிப்புச் செல்களைப் பெருக்குகிறது. அவை எலும்பைக் கரைக்கும்போது அதனுள் பூட்டிவைக்கப்பட்டிருந்த டிஜிஎஃப்-பீட்டா முதலிய வளர்ச்சிக் காரணிகளும் கால்சியமும் விடுபட்டுப் புற்றுச் செல்லுக்கே உரமாகின்றன. அது மேலும் அப்புரதத்தைச் சுரக்கிறது. தீச்சுழற்சி என்று இதைக் குறிப்பிடுவார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக எலும்பு தாறுமாறாகக் கட்டப்படுகிறது. அவ்வாறு மிகையாகச் சேரும் எலும்பும் வலுவற்றதே.

முதற்படி: எந்தக் கட்டத்தை ஆராய்கிறோம் என்று முடிவு செய்தல்

பரவல் என்பது ஒரே நிகழ்வன்று. புற்றுச் செல் ரத்தக் குழாயிலிருந்து வெளியேறுவது, எலும்பின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வது, பெருகாமல் நெடுநாள் உறங்கிக் கிடப்பது, விழித்துப் பெருகுவது, எலும்பை அழிப்பது எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அனைத்தையும் காட்டும் மாதிரி எதுவும் இல்லை. அப்படி ஒன்றைக் கட்ட முயல்வோர் எந்தக் கட்டத்தையும் தெளிவாகக் காண்பதில்லை.

குழாயிலிருந்து வெளியேறும் கட்டத்தைக் காண, மெல்லிய கால்வாய்களில் திரவம் ஓடும் நுண்பாய்ம சில்லு ஏற்றது. மிலான் நகர ஆய்வாளர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்கள் படர்ந்த ஒரு கால்வாயையும், அதையொட்டி எலும்பாக்கச் செல்கள் பொதிந்த, கொலாஜன் என்னும் புரதத்தாலான கூழையும் அவர்கள் சில்லில் அமைத்தனர். எலும்பாக்கச் செல்கள் இருந்த கூழை நோக்கி ஏறத்தாழ 77 சதவீத மார்பகப் புற்றுச் செல்கள் வெளியேறின. வெறும் கொலாஜன் கூழை நோக்கி வெளியேறியவை 37 சதவீத அளவே. ஆனால் அந்தச் சில்லு எலும்பு அழிவதைக் காட்டாது. அதைக் காணத் தாதுப்பொருள் படிந்த, கனமுள்ள, பல வாரங்கள் நிலைக்கும் திசு வேண்டும். கீழே விவரிப்பது இந்த இரண்டாம் வகை.

இரண்டாம் படி: செல்களைத் தேர்ந்தெடுத்தல்

எலும்பை அரிக்கும் வகைக்கு எம்டிஏ-எம்பி-231 என்னும் மார்பகப் புற்றுச் செல் வரிசையும், ஒரு நோயாளியின் முதுகெலும்புப் பரவலிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட பிசி-3 என்னும் புராஸ்டேட் புற்றுச் செல் வரிசையும் பயன்படும். புராஸ்டேட் என்றதும் பிசி-3-ஐ எடுத்துவிட்டு எலும்பு கூடுவதை எதிர்பார்ப்பது அடிக்கடி காணும் பிழை; பிசி-3 எலும்பை அரிக்கும். எலும்பைக் கட்டும் வகைக்குச் சி4-2பி அல்லது விகேப் வரிசைகளை நாட வேண்டும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு எம்சிஎஃப்-7 உதவும். ஈஸ்ட்ரஜன் பற்றிய கேள்வியாயின், செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலான ஊடகத்தில் நிறங்காட்டியாகச் சேர்க்கப்படும் ஃபீனால் ரெட் கூட எம்சிஎஃப்-7-இல் ஈஸ்ட்ரஜன் போன்ற விளைவை உண்டாக்கும் என்பதால், அது நீக்கப்பட்ட ஊடகத்தையே பயன்படுத்த வேண்டும்.

எலும்புப் பக்கத்தில், மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த, எலும்பாக்கச் செல்களாக மாறக்கூடிய மீசன்கைமல் ஸ்டெம் செல்களை நான் பரிந்துரைக்கிறேன். எம்சி3டி3-இ1 என்னும் சுண்டெலி எலும்பாக்கச் செல்கள் மலிவானவை, எளிதில் வளர்பவை. ஆனால் எலும்புப் பரவலில் பெரும் பங்கு வகிக்கும் இன்டர்லூகின்-6 என்னும் புரதம் சுண்டெலியினுடையதாக இருந்தால் மனித செல்லின் ஏற்பியில் வேலை செய்யாது. இரண்டு இனங்களைக் கலக்கும்போது செல்களுக்கிடையிலான உரையாடலில் சில சொற்கள் இவ்வாறு காணாமல் போகின்றன. எவை போயின என்று அறியாமல் எழுதும் முடிவுரைக்கு மதிப்பில்லை.

செல்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை, எஸ்டிஆர் மரபுச் சோதனையால் அவற்றின் அடையாளத்தை உறுதி செய்வது. பல்லாண்டுகள் மார்பகப் புற்றுச் செல் என்று நம்பிப் பயன்படுத்தப்பட்ட எம்டிஏ-எம்பி-435, உண்மையில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் எம்14 வரிசையோடு ஒத்தது என்று பின்னர் தெரியவந்தது. மைக்கோபிளாஸ்மா சோதனையையும் மாதந்தோறும் செய்ய வேண்டும், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியையும் கடக்கக்கூடிய அந்த நுண்ணுயிர் ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, எனவே கண்ணுக்குத் தட்டுப்படாது.

மூன்றாம் படி: சாரக்கட்டு

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி முதல் வகைக் கொலாஜன். ஆகவே ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் தாதுவையும் செல்கள் பற்றிக்கொள்ள ஒரு பாலிமரையும் சேர்த்துச் செய்த நுண்துளைச் சாரக்கட்டு பொருத்தமான தொடக்கம். பாலிகாப்ரோலாக்டோன், பட்டு ஃபைப்ராய்ன், கொலாஜன் ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்பனா கட்டி, தினேஷ் கட்டி ஆகியோரின் குழு, நானோ களிமண் அடுக்குகளுக்கிடையில் ஹைட்ராக்சிஅபடைட்டை விளைவித்து அதைப் பாலிகாப்ரோலாக்டோனோடு கலந்து சாரக்கட்டு செய்கிறது. அதில் முதலில் எலும்பை வளர்த்துப் பின்னர் பிசி-3 செல்களை விட்டபோது, அலைந்து திரியும் இயல்பிலிருந்து ஒட்டிக் குடியேறும் இயல்புக்கு அவை மாறுவதை அக்குழு காட்டியது. தட்டையான பிளாஸ்டிக் தட்டில் அந்த மாற்றம் தெரிவதில்லை.

துளைகள் 300 மைக்ரோமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. 100-க்குக் குறைந்தால் செல்கள் உள்ளே செல்லாமல் மேற்பரப்பிலேயே தோல் போலப் படர்ந்துவிடும். ரத்த ஓட்டம் இல்லாத திசுவில் ஆக்சிஜன் ஊடுருவும் தொலைவு 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் என்பதால், தடிமனான சாரக்கட்டின் நடுப்பகுதி தேங்கிய ஊடகத்தில் பட்டினி கிடக்கும். 24 குழிகள் கொண்ட தட்டில் வைக்க 12 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் உயரமும் போதும். அதைவிடப் பெரியதாயின் ஊடகத்தைச் செலுத்தும் பயோரியாக்டர் தேவை.

பாலிகாப்ரோலாக்டோன் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகுவதால் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, புற ஊதா ஒளியில் இருபுறமும் காட்டி, பஃபர் உப்புக் கரைசலில் பலமுறை கழுவ வேண்டும். பிறகு ஒரு நாள் முழுவதும் சீரம் கலந்த ஊடகத்தில் ஊற விடுக. இதை நேர விரயம் என்று கருதித் தவிர்ப்பவர்கள் இரண்டு துன்பங்களுக்கு ஆளாகிறார்கள்: நீரை விலக்கும் பாலிமரின் துளைகளில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும், ஹைட்ராக்சிஅபடைட் ஊடகத்திலுள்ள கால்சியத்தையும் புரதங்களையும் உறிஞ்சி, முதல் நாட்களில் செல்களைத் தவிக்க விடும்.

நான்காம் படி: எலும்பை வளர்த்தல்

இந்தப் படிக்கு மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும், இதில் அவசரம் கூடாது. சாரக்கட்டு ஒன்றுக்கு ஐந்து லட்சம் ஸ்டெம் செல்களை 50 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் கலந்து துளித்துளியாக மேலே விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து, பிறகே குழியை ஊடகத்தால் நிரப்ப வேண்டும். மறுநாள் சாரக்கட்டைப் புதிய குழிக்கு மாற்றிவிடுக. கீழே பிளாஸ்டிக்கில் ஒட்டி வளரும் செல்கள் இல்லையென்றால் பின்னர் வரும் அளவீடுகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எலும்பாக்க ஊடகத்தில் வழக்கமாகச் சேர்ப்பவை மூன்று: 100 நானோமோலார் வரை டெக்சாமெதசோன், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பிக் அமிலம், 10 மில்லிமோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட். கடைசியாகச் சொன்னதை இந்த அளவுக்கு மேல் கூட்டினால் செல்களின் உதவியின்றியே உப்பு படியத் தொடங்கும், அது எலும்பன்று. மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றுக. முதல் இரண்டு வாரங்களில், எலும்பாக்கம் தொடங்கியதைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி உயர வேண்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில், முதிர்ந்த எலும்பாக்கச் செல்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் புரதம் தோன்ற வேண்டும். கொலாஜனும் தாதுவும் துளைச் சுவர்களில் படிந்திருக்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம், செல்கள் உண்டாக்கிய தாதுவையும் சாரக்கட்டில் நாமே கலந்த ஹைட்ராக்சிஅபடைட்டையும் ஒரே சிவப்பாகக் காட்டும். எனவே செல் இல்லாத வெற்றுச் சாரக்கட்டுகளையும் அதே ஊடகத்தில் அதே நாட்கள் வைத்திருந்து, அவற்றின் அளவைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

திசு எவ்வளவு முதிர்ந்தது என்பது வெறும் தயாரிப்பு விவரமன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிறப்பு வகைப் பயோரியாக்டரில் எலும்பாக்கச் செல்களைப் பல மாதங்கள் வளர்த்தவர்கள், திசுவின் முதிர்ச்சிக்கேற்பப் புற்றுச் செல்கள் அதனுள் ஊடுருவும் விதம் மாறுவதைக் கண்டனர். ஆகவே எத்தனையாம் நாளில் புற்றுச் செல்களை விட்டோம் என்பதைச் செல்களின் எண்ணிக்கைக்கு இணையான முக்கியத்துவத்தோடு குறித்துவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: புற்றுச் செல்களை விடுதல்

விடுவதற்கு இரண்டு நாட்கள் முன்பே டெக்சாமெதசோனை நீக்கிக் கழுவிவிடுக. அது ஒரு ஸ்டீராய்டு. புற்றுச் செல்களின் பெருக்கத்தையும் அழற்சிப் புரதங்களையும் தானே மாற்றும். எஞ்சிய துளிகள் காட்டும் விளைவை எலும்பின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. புற்றுச் செல்களும் எலும்புச் செல்களும் வெவ்வேறு ஊடகங்களுக்குப் பழகியவை என்பதால், இரண்டையும் சமமாகக் கலந்த ஊடகத்தில் ஒவ்வொன்றும் தனியே நன்கு வாழ்கிறதா என்று முன்னதாகவே சோதித்திருக்க வேண்டும்.

எலும்புச் செல்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புற்றுச் செல்களை விட வேண்டாம். உடலில் எலும்பை வந்தடைபவை சில செல்களே; லட்சக்கணக்கில் கொட்டினால் பரவலைப் பார்க்காமல் நெரிசலைத்தான் பார்ப்போம். அடையாளத்துக்கு ஒளிரும் புரதம் சேர்ப்பதாயின் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொலாஜன் தானாகவே பச்சை நிறத்தில் ஒளிர்ந்து, பச்சைப் புரதத்தின் ஒளியை மறைக்கும்.

ஒப்பீட்டு மாதிரிகள்தாம் இந்த ஆய்வின் உயிர். எலும்பு வளர்த்த சாரக்கட்டில் புற்றுச் செல், வெற்றுச் சாரக்கட்டில் புற்றுச் செல், புற்றுச் செல் இல்லாத எலும்பு ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். இவற்றோடு, எலும்புக்குப் பதில் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வளர்ந்த சாரக்கட்டையும், புற்றுச் செல்லுக்குப் பதில் எம்சிஎஃப்-10ஏ போன்ற புற்றல்லாத மார்பகச் செல்களையும் சேர்த்தால், கண்டது எலும்பின் தனித்தன்மையா, ஏதேனும் ஒரு திசு அருகிலிருந்ததன் விளைவா என்பது தெளியும். பொருட்செலவைக் காட்டி ஃபைப்ரோபிளாஸ்ட் ஒப்பீட்டை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறாம் படி: எலும்பரிப்புச் செல்களைச் சேர்த்தல்

அரிப்பு இல்லாத மாதிரியில் தீச்சுழற்சியின் பாதி இல்லை. மனித ரத்தத்திலிருந்து சிடி14 குறியீடு கொண்ட மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களைப் பிரித்து, மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் எம்-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியும் 50 நானோகிராம் ரேங்க்-லிகண்டும் தந்தால், ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அவை ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட எலும்பரிப்புச் செல்களாகும். எலும்பரிப்புச் செல்களின் அடையாளமான ட்ராப் நொதியைக் காட்டும் சாயத்தில் நிறமேறி, மூன்றோ அதற்கு மேலோ உட்கருக்கள் உள்ளவற்றை மட்டுமே எண்ணுக. சாயம் மட்டும் போதாது. எலும்புச் சீவலிலோ டென்டின் சீவலிலோ அவை குழி பறிக்கின்றனவா என்று பார்த்தால்தான் உண்மையில் அரிக்கின்றன என்பது உறுதியாகும்.

புற்றுச் செல்கள் இருப்பதால் எலும்பரிப்புச் செல்கள் உருவாகின்றனவா என்பதே கேள்வியாயின், வெளியிலிருந்து ரேங்க்-லிகண்டைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விடையை நாமே ஊட்டிவிடுகிறோம். அப்போது மோனோசைட்டுகளை எம்-சிஎஸ்எஃப் மட்டும் தந்து திசுவில் விட்டு, எஞ்சியதை எலும்பாக்கச் செல்களும் புற்றுச் செல்களும் சுரக்கின்றனவா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். வயதுவந்த எலும்பின் செல்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை தாதுவுக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட்டுகள் என்பதையும், பெரும்பாலான ஆய்வக மாதிரிகளில் அவை முதிர்ந்த நிலையில் இருப்பதில்லை என்பதையும் முடிவுகளை எழுதும்போது ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: அளவிடுதல்

ஊடகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய ஊடகத்தைக் கொட்டிவிடாமல் மைனஸ் 80 பாகையில் சேமித்துவைத்தால், பாராதைராய்டு ஹார்மோன் சார் புரதம், ரேங்க்-லிகண்ட், அதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோடிஜெரின், இன்டர்லூகின்-6, கொலாஜன் சிதைவுத் துண்டான சிடிஎக்ஸ் ஆகியவை நாள்தோறும் மாறிய விதத்தை, ஆன்டிபாடிகளால் புரதங்களை அளக்கும் எலிசா முறையில் அளக்கலாம். ரேங்க்-லிகண்டைத் தனியே பார்ப்பதைவிட ஆஸ்டியோபுரோடிஜெரினுக்கும் அதற்கும் உள்ள விகிதம் தெளிவான செய்தி தரும்.

செல் எண்ணிக்கைக்கு நிறமாற்றச் சோதனைகளை நம்ப வேண்டாம். சாயம் துளைகளுக்குள் சீராகச் செல்வதில்லை. செல்களைச் சிதைத்து மொத்த டிஎன்ஏவை அளப்பது நம்பகமானது. மரபணு வெளிப்பாட்டை அறிய, இரண்டு வகை மனித செல்களையும் முதலில் ஒளிரும் அடையாளத்தைக் கொண்டு பிரித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் எந்தச் செல் எதைச் சுரக்கிறது என்பது தெரியாது. உறக்கநிலையை ஆராய்பவர்கள், செல் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 குறியீடு இல்லாத செல்களை உறங்குபவை என்று உடனே எழுதிவிடக் கூடாது. அவை சாகும் தறுவாயில் இருக்கலாம். எனவே உயிரோடிருப்பதையும், தூண்டினால் மீண்டும் பெருகுவதையும் சேர்த்தே நிறுவ வேண்டும்.

நுண்ணோக்கிக்கு வெட்டும்போதும் கவனம் தேவை. மெழுகில் பதிக்கும் வெப்பத்திலேயே பாலிகாப்ரோலாக்டோன் உருகிவிடும் என்பதால் உறையவைத்து வெட்டுக. தாதுவை நீக்க அமிலம் பயன்படுத்தினால் ட்ராப் நொதி அழியும். மெதுவாக வேலை செய்தாலும் இடிடிஏ கரைசலே சிறந்தது. தாதுவை அளக்க வேண்டிய துண்டை அதற்கு முன்பே தனியாக எடுத்து மைக்ரோ சிடி கருவிக்கு அனுப்பிவிட வேண்டும்.

எட்டாம் படி: மருந்துகளைச் சோதித்தல்

டோசிடாக்சல், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளை முப்பரிமாணத் திசுவில் தரும்போது, தட்டையான வளர்ப்பில் செல்களைக் கொன்ற அளவு பெரும்பாலும் போதாமல் போகும். எலும்பு அவற்றைக் காத்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. மருந்து உள்ளே சென்று சேர்ந்ததா, உள்ளிருக்கும் செல்கள் மெதுவாகப் பெருகியதால் தப்பினவா என்பதை வெற்றுச் சாரக்கட்டோடு ஒப்பிட்டே பிரித்தறிய முடியும். ஸோலெட்ரானிக் அமிலம் போன்ற, எலும்பரிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகள் ஹைட்ராக்சிஅபடைட்டில் இறுகப் பற்றிக்கொள்பவை என்பதால், ஊடகத்தில் நாம் கலந்த அளவும் செல்கள் உணரும் அளவும் ஒன்றாக இருக்காது. சிலிகோன் சில்லுகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. நீரில் எளிதில் கரையாத மருந்துகளை அப்பொருள் உறிஞ்சிக்கொள்ளும். டெனோசுமாப்பைச் சோதிக்க மனித எலும்பரிப்புச் செல்களும், அவற்றைத் தூண்ட மனித ரேங்க்-லிகண்டும் இருந்தாக வேண்டும்.

ஒன்பதாம் படி: எண்ணிக்கையும் ஒப்பீடும்

ஒரே கொடையாளியின் ஸ்டெம் செல்களை ஆறு குழிகளில் இட்டால் அது ஆறு சோதனைகள் ஆகாது, ஒரு சோதனையின் ஆறு படிகளே. கொடையாளியின் வயதும் உடல்நிலையும் எலும்பாகும் திறனை வெகுவாக மாற்றுவதால், குறைந்தது மூன்று பேரின் செல்களிலாவது முடிவு நிலைத்து நிற்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றப்படும் தொடையெலும்பின் தலைப்பகுதி இதற்கு நல்ல மூலம். அதைப் பெறுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். தேவையறிந்து ஆறு மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கடைசியாக, மாதிரியில் கண்ட புரதமோ மரபணு மாற்றமோ நோயாளிகளின் எலும்புப் பரவல் திசுத் துண்டுகளிலும் காணப்படுகிறதா என்று, மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையோடு இணைந்து சாயமிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே அது தென்படாவிட்டால், திரும்பிப் போய் முதலில் பார்க்க வேண்டியது நான்காம் படியின் குறிப்பேட்டை: திசு எத்தனை நாள் வளர்ந்தது, ஊடகத்தில் என்ன இருந்தது, யாருடைய எலும்பிலிருந்து அந்தச் செல்கள் வந்தன.